எமீல் ரெய்னோ

அசையும் ஓவியப் படங்களைக் கண்டு மகிழாத சிறார் இக்காலத்து இலர். அவற்றைக் குறித்துப் பேசப் புகுவோர் அமெரிக்க நாட்டு வால்ட் டிஸ்னியின் பெயரையே முதற்கண் கூறுவர். அப்புகழ் அவர்க்குத் தகும். ஆயினும், 1901-இல் அவர் பிறப்பதற்கு ஒன்பது ஆண்டுகட்கு முன்னரே, தம் கையால் தீட்டிய ஓவியங்களைப் பாரிஸ் மாநகரில் திரைமீது நடமாடச் செய்து, கட்டணம் கொடுத்து வந்தோர்க்குக் காட்டியவர் ஒருவர் உளர். அவர் வரலாற்றை ஈண்டுக் கூறுவாம்.

எமீல் ரெய்னோ 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள், பாரிஸுக்கு அணித்தாகிய மோந்த்ரேய் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் பதக்கங்களுக்கு உருச் செதுக்குபவர். தாயார் நீர்வண்ண ஓவியத்தில் வல்லவர். நுண்கருவி இயற்றும் திறன் தந்தையாரிடமிருந்தும், தூரிகைப் பழக்கம் தாயாரிடமிருந்தும் அவர்க்கு வாய்த்தன. இளமையில் முவாஞோ என்னும் பாதிரியார் விளக்குப் படங்கள் காட்டி நிகழ்த்திய அறிவியற் சொற்பொழிவுகளில் உதவியாளராக இருந்தார். பின்னர் லெ புய் நகரில் தாமே பொதுமக்களுக்கு அத்தகைய சொற்பொழிவுகள் ஆற்றினார். ஆசிரியத் தொழிலில் உள்ள எமக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருகின்றது.

அக்காலத்தே, சுழலும் உருளையின் பிளவுகள் வழியே படங்களை நோக்கும் விளையாட்டுக் கருவி ஒன்று வழக்கில் இருந்தது. பிளவின் வழி நோக்குதலால் உருவம் மங்கித் தோன்றும். 1877-இல் ரெய்னோ அப்பிளவுகளை நீக்கி, உருளையின் நடுவே பன்னிரண்டு சிறு கண்ணாடிகளை வட்டமாக நிறுத்தினார். உருளையின் உட்புறத்தே சுற்றி வைத்த பன்னிரண்டு படங்களும் அவற்றில் ஒளி குன்றாது தோன்றி, ஒன்றோடொன்று இயைந்து ஓர் அசைவாயின. பிராக்ஸினோஸ்கோப் என்பது அக்கருவியின் பெயர். எம் மாணவருட் சிலர் பாடநூலின் ஓரங்களில் உருவங்களை வரைந்து, தாள்களை விரைந்து புரட்டி, அவை ஓடக் கண்டு நகைப்பர். யாம் அதற்குச் சினந்ததும் உண்டு. அவர் சென்றபின் யாமே ஒருமுறை புரட்டிப் பார்த்ததும் உண்டு.

பன்னிரண்டு படங்களால் ஓர் அசைவைத் திரும்பத் திரும்பக் காட்டலாமே அன்றிக் கதை சொல்லல் இயலாது. ஆதலின் ரெய்னோ, படங்களை நீண்ட நாடாவாகத் தொடுத்து, படங்களுக்கு இடையே துளைகள் இட்டு, அத்துளைகளைப் பற்றி நாடா நகருமாறு செய்தார். 1888-இல் இதற்கு உரிமைப் பட்டயம் பெற்றார். ஓர் விளக்கு நிலையான பின்புலக் காட்சியைத் திரையில் வீழ்த்தும். மற்றொன்று அதன்மேல் நடமாடும் உருவங்களை வீழ்த்தும். ரெய்னோ திரைக்குப் பின்னே நின்று தம் கையாலேயே நாடாவை இயக்குவார். 1892-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள் கிரேவேன் மெழுகுருவக் காட்சிசாலையில் இவ்வொளி நாடகம் அரங்கேறிற்று. ஏழை பியரோ என்னும் காதற் கதை ஐந்நூறு படங்களாலாகியது. ஒவ்வொன்றும் தனித்தனியே வரைந்து வண்ணம் தீட்டப்பெற்றது. பியரோவை அடிக்குமிடத்து அவ்வோசையும் எழுமாறு நாடாவிலேயே பொறி அமைத்திருந்தார்.

இத்துணை நுண்ணறிவு படைத்தவர் ஒப்பந்தம் எழுதுங்கால் மட்டும் அதனை மறந்தனர் போலும்! பிறவிடத்துக் காட்சி நடத்தலாகாது, நாடாக்களை விற்றலாகாது, பழுது பார்க்கும் செலவும் அவரையே சாரும் என்னும் கட்டுப்பாடுகட்கு அவர் இசைந்தார். 1900 வரையில் பன்னீராயிரத்துக்கு மேற்பட்ட காட்சிகள் நடந்தன. ஏறக்குறைய ஐந்து இலக்கம் மக்கள் கண்டனர். அவரோ நாள்தோறும் திரைக்குப் பின்னே கட்டுண்டு நின்றார்.

1895-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் அதே நகரில் லூமியேர் உடன்பிறந்தார் தம் திரைப்படத்தைக் காட்டினர். ரெய்னோ பல திங்கள் உழைத்துத் தீட்டுவதினும் மிக்க படங்களை அவர் கருவி ஒரு நிமிடத்திற் பிடித்தது. தாமும் புகைப்படத்தைத் துணைக்கொண்டு, கோமாளிகளை நடிக்கச் செய்து சில நாடாக்கள் இயற்றினார். ஆயினும் அவ்வோட்டத்தில் அவரால் ஈடுகொடுக்க இயலவில்லை. 1900-இல் காட்சிகள் நின்றன. வறுமையும் மனக்கசப்பும் மேலிட, 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கருவியைத் தம் கையாலேயே உடைத்தார். நாடாக்களுட் பலவற்றைச் சீன் ஆற்றில் எறிந்தார். மகவை ஆற்றில் விடும் தாயின் நெஞ்சம் எத்தகையதாக இருந்திருக்கும் என்று எண்ணுந்தோறும் எம் உள்ளம் நடுங்குகின்றது. 1918-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் நாள், பாரிஸை அடுத்த இவ்ரி நகர மருத்துவ இல்லத்தில் அவர் உயிர் நீத்தார்.

கிரேவேன் அரங்கிற்கென அவர் இயற்றிய நாடாக்களுள் ஏழை பியரோவும், கடற்கரைக் குளிப்பறையைப் பற்றிய மற்றொன்றும் எஞ்சின. அவர் அரங்கேற்றம் நிகழ்த்திய அக்டோபர் 28-ஐ அசையும் ஓவியக் கலைக்குரிய உலக நாளாகக் கொண்டாடுமாறு 2002-இல் அக்கலைஞர் சங்கம் வகுத்தது. அவ்விரு கதைகளையும் இன்று படப் பிரதிகளிற் காணலாம். ஆனால், ரெய்னோ காட்சியின்போது நாடாவை முன்னும் பின்னுமாக நகர்த்தி, அவையோர் நகைத்த இடத்தில் சற்றே நிறுத்தி, ஐந்நூறு படங்களைக் கால்மணி நேரக் கதையாக விரிப்பார். பிரதியில் ஓவியம் உண்டு. அந்தக் கை இல்லை.