வி. கே. ஆர். வி. ராவ்

வி. கே. ஆர். வி. ராவ் (விஜயேந்திர கஸ்தூரி ரங்க வரதராஜ ராவ், சூலை 8, 1908 – சூலை 25, 1991) இந்தியாவின் முன்னோடிப் பொருளியலாளர்களுள் ஒருவர் ஆவார். இந்தியாவின் நாட்டு வருமானத்தை முறையான ஆய்வின் அடிப்படையில் மதிப்பிட்டவர் என்ற வகையிலும், மூன்று பெரும் ஆய்வு நிறுவனங்களைத் தோற்றுவித்தவர் என்ற வகையிலும் இவர் அறியப்படுகிறார். நடுவண் அமைச்சராகவும் பணியாற்றினார்.

இளமையும் கல்வியும்

ராவ் காஞ்சிபுரத்தில் பிறந்தார். பம்பாயில் கல்லூரிப் படிப்பை முடித்தபின் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயின்றார். அங்கு ஜான் மேனார்ட் கெயின்சிடம் கற்றவர்களுள் இவரும் ஒருவர். 1937ஆம் ஆண்டில் முனைவர் பட்டம் பெற்றார்.

நாட்டு வருமான ஆய்வு

குடியேற்றவாத ஆட்சியில் இந்தியர் எவ்வளவு வறியவர்களாக இருந்தனர் என்பது அரசியல் முதன்மை வாய்ந்த கேள்வியாகும். தாதாபாய் நவரோஜி முதலானோர் இதற்கு முன்னரே மதிப்பீடுகளைச் செய்திருந்தனர். எனினும் போதிய புள்ளிவிவரங்கள் இல்லாமை பெருங்குறையாக இருந்தது. ராவ் பொருளாதாரத்தை இரு பகுதிகளாகப் பிரித்தார். வேளாண்மை, சுரங்கம் போன்ற துறைகளை அவற்றின் உற்பத்தி மதிப்பைக் கொண்டும், வணிகம், போக்குவரத்து, அரசுப் பணி போன்றவற்றை அவற்றில் ஈடுபட்டோரின் வருமானத்தைக் கொண்டும் கணக்கிட்டார். இம்முறையில் 1931-32இல் பிரித்தானிய இந்தியாவின் தனிநபர் ஆண்டு வருமானம் சுமார் 62 ரூபாய் என மதிப்பிட்டார். விடுதலைக்குப் பின் 1949இல் அமைக்கப்பட்ட நாட்டு வருமானக் குழுவில் மகலனோபிசு, காட்கில் ஆகியோருடன் இவரும் இடம்பெற்றார்.

பெருக்கி பற்றிய கருத்து

அரசு செலவு செய்தால் அதன் விளைவாக வருமானம் பன்மடங்கு பெருகும் என்பது கெயின்சின் பெருக்கிக் கோட்பாடு. இது இந்தியா போன்ற நாடுகளுக்கு அப்படியே பொருந்தாது என்று ராவ் 1952இல் வெளியிட்ட கட்டுரையில் வாதிட்டார். தொழில்வள நாடுகளில் வேலையற்றோருடன் பயன்படாத இயந்திரங்களும் இருக்கும். இந்தியாவிலோ வேலையின்மை மறைமுகமானது. உழவர்கள் விளைச்சலில் பெரும்பங்கைத் தாமே நுகர்கின்றனர். உற்பத்தியை விரைவாக உயர்த்தவும் இயலாது. ஆகவே கூடுதல் செலவு உற்பத்தியைவிட விலைவாசியையே மிகுதியாக உயர்த்தும் என்பது இவரது முடிவு. ஆசிரியரின் கோட்பாட்டை மாணவரே வரையறைக்கு உட்படுத்திய இக்கட்டுரை வளர்ச்சிப் பொருளியலில் இன்றும் எடுத்தாளப்படுகிறது.

ஐக்கிய நாடுகள் அவை

ஐ. நா.வின் பொருளாதார வளர்ச்சித் துணை ஆணையத்தின் தலைவராக இருந்தபோது, ஏழை நாடுகளுக்கு எளிய நிபந்தனைகளில் கடனளிக்கும் அமைப்பு ஒன்றை ஐ. நா.வின் கீழ் நிறுவ 1949இல் பரிந்துரைத்தார். செல்வந்த நாடுகள் இதை ஏற்கவில்லை. பல ஆண்டு விவாதத்திற்குப் பின் 1960இல் பன்னாட்டு வளர்ச்சிச் சங்கம் தோன்றியது. ஆனால் அது உலக வங்கியின் பொறுப்பில் அமைந்தது.

நிறுவனங்கள்

* தில்லி பொருளியல் பள்ளி (1949)
* பொருளாதார வளர்ச்சி நிறுவனம், தில்லி (1958)
* சமூக, பொருளாதார மாற்றத்துக்கான நிறுவனம், பெங்களூர் (1972)

1957 முதல் 1960 வரை தில்லிப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தார்.

அரசியல் பணி

1963 முதல் 1966 வரை திட்டக்குழு உறுப்பினராக இருந்தார். 1967இல் பெல்லாரி தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, போக்குவரத்து, கப்பல் துறை அமைச்சரானார். 1969 முதல் 1971 வரை கல்வி அமைச்சராகப் பணியாற்றினார். இவர் அப்பொறுப்பில் இருந்தபோது, 1969 செப்டம்பர் 24 அன்று, நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்டது.

1974இல் இந்திய அரசு இவருக்குப் பத்ம விபூசண் விருது வழங்கியது.