குண்டு டயர் டன்லப்!

சேறும் சகதியுமான பாதையில் போகும் ஜீப், டிராக்டர்களின் டயர்களைக் கவனித்திருக்கிறீர்களா, குட்டீஸ்? எவ்வளவு அகலம்! டயர் குண்டாக இருந்தால், வண்டியின் எடை பரவலாக இறங்கும். சேற்றில் எளிதில் புதையாது. காற்றைச் சற்றுக் குறைத்தால் இன்னும் நல்லது. இந்தக் காற்று டயரைப் பிரபலமாக்கியவர் யார் தெரியுமா? ஒரு மாட்டு டாக்டர்!

ஜான் பாய்ட் டன்லப், 1840ல் ஸ்காட்லாந்தில் பிறந்தார். அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை வைத்தியம் பார்த்து வந்தார். மகன் ஜானிக்கு, மூன்று சக்கர சைக்கிள் என்றால் உயிர். அக்காலத்தில் சக்கரத்தில் கெட்டி ரப்பர்தான் இருக்கும். கல் பாவிய தெருவில் போனால், உடம்பையே உலுக்கி எடுத்துவிடும்.

1887ல் மெல்லிய ரப்பர் தாளை ஒட்டிக் குழாயாக்கி, கால்பந்து பம்பால் காற்றடித்தார் டன்லப். அதை வட்டமான மரப் பலகையின் விளிம்பில் வைத்து, துணி சுற்றி ஆணி அடித்தார். பிறகு, ஜானியின் சைக்கிள் சக்கரத்தையும், இதையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். சைக்கிள் சக்கரம் நடுவழியிலேயே விழுந்தது. மரச் சக்கரமோ முற்றத்தைக் கடந்து, கேட்டில் மோதித் துள்ளியது!

1889ல் பெல்பாஸ்டில் சைக்கிள் பந்தயம். வில்லி ஹியூம் என்ற வீரர், இந்த டயரோடு வந்தார். குண்டு டயரைப் பார்த்துக் கூட்டம் சிரித்தது. ஆனால், ஜெயித்தது ஹியூம்தான்!

அப்புறம்தான் இடி விழுந்தது. ராபர்ட் தாம்சன் என்பவர், 1845லேயே குதிரை வண்டிக்காகக் காற்று டயர் செய்து, காப்புரிமையும் வாங்கியிருந்தார். அதை எல்லாரும் மறந்தே போயிருந்தனர். டன்லப்பின் காப்புரிமை செல்லாமல் போனது. அவர் பெயரில் கம்பெனி வளர்ந்தது. அவருக்கோ பெரும் பணம் சேரவில்லை. பாவம்!

1921ல் டப்ளின் நகரில் டன்லப் இறந்தார். அதற்குள் கார்களும், லாரிகளும்கூட காற்று டயரில் ஓடத் தொடங்கியிருந்தன.