நீரும் ஒளியும்

நீரின் அருமையை நன்கு அறிந்தவர் வறண்ட நிலத்து மக்களே ஆவர். அத்தகைய மண்ணில் தோன்றி, ஆறுகளின் நீரைத் தேக்கி நாட்டுக்குப் பயன்படச் செய்தவர் பெருந்தலைவர் காமராசர்.

அவர் 1903 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15 ஆம் நாள் விருதுநகரில் பிறந்தார். தந்தையார் குமாரசாமி, தாயார் சிவகாமி அம்மையார். இளமையிலேயே தந்தையை இழந்தார். பள்ளிப் படிப்பும் ஆறாம் வகுப்போடு நின்றது. பின்னர் விடுதலைப் போரில் ஈடுபட்டுப் பல ஆண்டுகள் சிறையில் வாடினார்.

விருதுநகரைச் சூழ்ந்த பகுதி கரிசல் பூமி. வற்றாத ஆறு அங்கு இல்லை. வானம் பொய்த்தால் வயிறு வாடும். சிவகாசியிலும், அதன் அருகிலுள்ள நாரணாபுரம் முதலிய ஊர்களிலும் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்கள் வேரூன்றியதற்கு இவ்வறட்சி ஒரு பெருங் காரணமாகும்.

1954 ஆம் ஆண்டில் காமராசர் முதலமைச்சரானார். காவிரியின் துணையாறாகிய பவானியின் குறுக்கே 1948 இல் தொடங்கிய அணைப் பணி, அவர் ஆட்சியில் 1955 இல் நிறைவுற்றது. அதுவே பவானிசாகர் அணை. மண்ணை அடுக்கடுக்காகக் கொட்டி இறுக்கி எழுப்பிய அவ்வணை, எட்டுக் கிலோமீட்டருக்கும் மேல் நீண்டது. மதகுகள் அமைந்த நடுப்பகுதி மட்டும் கற்கட்டடம். அதனால் ஏறத்தாழ 2 இலட்சம் ஏக்கர் நிலம் பாசனம் பெற்றது. இந்நலத்தின் பொருட்டுப் பழைய டணாயக்கன் கோட்டை நீரில் மூழ்கியது. அங்கு வாழ்ந்தோர் தம் வீடுகளை விட்டுப் பெயர்ந்தனர். அவர்கள் இழந்ததை மறந்து, அணையின் பயனை மட்டும் பேசுதல் முறையன்று.

மணிமுத்தாறு, வைகை, அமராவதி, சாத்தனூர் அணைகளும் அவர் காலத்தில் எழுந்தன. ஆயினும் ஆற்று நீரை மேட்டு நிலங்கள் அனைத்துக்கும் கொண்டு செல்ல இயலாது. ஆறில்லா ஊர்கள் என் செய்யும்? அவற்றுக்கு மின்சாரம் துணையாயிற்று. குந்தாவிலும் பெரியாற்றிலும் நீர்மின் திட்டங்கள் உருவாயின. மலையுச்சியிலிருந்து பெருங் குழாய் வழியே விழும் நீர், சக்கரங்களைச் சுழற்றி மின்சாரத்தைத் தருகிறது; அதனால் நீரின் அளவு குறைவதில்லை. பெரியாற்று நீர் மின் நிலையத்தைக் கடந்து வயலுக்கும் பாய்கிறது. கால்வாய் செல்லாத சிற்றூர்களுக்குக் கம்பிகள் சென்றன. கமலை கட்டி இறைத்த கிணறுகளில் மின் பொறிகள் நீரை இறைத்தன.

இத்தனை அணைகளைக் கட்டுவித்தவர், தம் குடும்பத்துக்கெனத் தனிச் சலுகை எதனையும் நாடவில்லை. விருதுநகரில் தம் தாயார் வீட்டுக்கெனத் தனியே அமைத்த குடிநீர்க் குழாயை அகற்றச் செய்தார் என்று மக்கள் இன்றும் கூறுவர். தெருவிலுள்ளோர்க்குக் கிட்டாத வசதி தம் வீட்டுக்கு வேண்டா என்பது அவர் கொள்கை.

1963 ஆம் ஆண்டில் கட்சிப் பணியின் பொருட்டுத் தாமே பதவி துறந்தார். 1975 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2 ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த நாளன்று, காமராசர் மறைந்தார். அவர் காலத்து அணைகள் இன்றும் வயல்களுக்கு நீர் அளித்து வருகின்றன.