தாய் வகுத்த வழி: கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட்

கிரேக்கப் புராணத்தில் நார்சிசஸ் என்றோர் இளைஞன் வருகிறான். சுனை நீரில் தன் முகத்தைக் கண்டு, அதன்மேலேயே காதல் கொண்டு, அவ்விடத்தை விட்டு அகலாமல் உருகி மாண்டவன். அவன் பெயரைக் கொண்டே உளநூலார் தன்மோகம் என்னும் இயல்பைக் குறிக்கிறார்கள். தானே உயர்ந்தவன், பிறர் தன்னைப் போற்றவே பிறந்தவர்கள், விதிகளெல்லாம் மற்றவர்களுக்குத்தான் என்று எண்ணும் மனம் அது. அம்மனம் வீட்டில் விளைகிறதா, செய்யும் தொழிலில் விளைகிறதா? இவ்வினாவைக் கையில் வைத்துக்கொண்டு அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட்டின் வாழ்க்கையைப் பார்ப்போம். அவருக்கு மனநோய் இருந்ததென்று தீர்ப்புச் சொல்ல நாம் மருத்துவர்கள் அல்லர். ஆனால் தம்மைப் பற்றி இவரளவு உயர்வாக எண்ணி, அதை மறைக்கவும் முயலாதவர்கள் கலையுலகில் மிகச் சிலரே.

ரைட் 1867 ஜூன் 8-ஆம் நாள் விஸ்கான்சின் மாநிலத்தில் ரிச்லண்ட் சென்டர் என்னும் சிற்றூரில் பிறந்தார். (பிற்காலத்தில் 1869 என்றே சொல்லி வந்தார், இரண்டு வயதைக் குறைத்துக்கொள்வதில் அவருக்குக் கூச்சமில்லை.) தந்தை வில்லியம் ரைட் சமயப் போதகர், இசை வல்லுநர். சொல்வன்மை உண்டு, கையில் காசு தங்காது. முதல் மனைவியை இழந்து மூன்று குழந்தைகளோடு இருந்த அவரை இரண்டாந்தாரமாக மணந்தவர் அன்னா லாய்ட் ஜோன்ஸ் என்னும் பள்ளி ஆசிரியை. வேல்ஸ் நாட்டிலிருந்து குடியேறிய, குலப்பெருமை மிகுந்த உழவர் குடும்பத்தில் வந்தவர். தலைமகன் பிறந்ததும் அந்த அம்மையாரின் உலகம் முழுவதும் அவனுக்குள் அடங்கிவிட்டது.

ரைட் 1932-இல் வெளியிட்ட தன்வரலாற்றில் ஒரு செய்தியைச் சொல்கிறார். தாம் கருவில் இருந்தபோதே, பிறக்கப்போவது ஆண் குழந்தை, அவன் அழகிய கட்டடங்களை எழுப்புவான் என்று தாயார் முடிவு செய்துவிட்டாராம். இங்கிலாந்து நாட்டுப் பேராலயங்களின் படங்களைச் சட்டமிட்டுத் தொட்டில் இருந்த அறையின் சுவர்களில் மாட்டினாராம். வாழ்க்கை வரலாற்றை ஆய்ந்தவர்கள் இதை அப்படியே ஏற்பதில்லை. அது நடந்ததோ இல்லையோ, அறுபது வயதைக் கடந்த ஒருவர் தம் தொழிலைத் தாம் தேர்ந்தெடுத்ததாகச் சொல்லாமல், தொழிலுக்கென்றே தாம் படைக்கப்பட்டதாகச் சொல்வது கவனிக்கத்தக்கது. நாமெல்லாம் விண்ணப்பப் படிவத்தைப் பூர்த்தி செய்து, கிடைத்த பாடத்தில் சேர்ந்தவர்கள். அவருக்கோ படிவமே தேவைப்படவில்லை.

1876-இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த நூற்றாண்டுப் பொருட்காட்சிக்குச் சென்ற அன்னா, ஜெர்மானியக் கல்வியாளர் ஃபுரோபெல் வகுத்த விளையாட்டுக் கட்டைகளைக் கண்டார். உருண்டை, கன சதுரம், உருளை, வண்ணத் தாள்கள். மகனுக்கு அப்போது ஒன்பது வயது. பாலர் விளையாட்டுக்குச் சற்று மூத்தவன்தான். எனினும் அக்கட்டைகளின் வடிவங்கள் விரல்களில் தங்கிவிட்டன என்று ரைட் வாழ்நாள் முழுதும் கூறினார். அவருடைய கட்டடங்களைப் பார்ப்பவர்க்கு அதை நம்புவதில் தயக்கம் இராது.

ஆனால் அதே வீட்டில் வேறு பிள்ளைகளும் இருந்தார்கள். மூத்தாள் மகள் எலிசபெத் தம் நினைவுக் குறிப்பில் சிற்றன்னையிடம் பட்ட அடியையும் கொடுமையையும் எழுதி வைத்திருக்கிறார். ஒரு குழந்தைக்குத் தேனும் மற்றொன்றுக்கு வேம்பும் ஊட்டிய கை ஒன்றே. 1885-இல் அவ்வில்லறம் முறிந்தது. தந்தை தம்மைக் கைவிட்டுப் போனார் என்றே ரைட் எழுதினார். நீதிமன்ற ஆவணமோ, மனைவியின் புறக்கணிப்பைச் சொல்லி மணவிலக்குக் கேட்டவர் வில்லியம்தான் என்று காட்டுகிறது. இசையைக் கற்றுக்கொடுத்தவர் தந்தை. பாக், பீத்தோவன் ஆகியோரின் இசையை மகன் இறுதிவரை நேசித்தார். ஆனால் தந்தை சூட்டியிருந்த லிங்கன் என்ற நடுப்பெயரை நீக்கிவிட்டுத் தாய்வீட்டுப் பெயரான லாய்ட் என்பதைச் சூடிக்கொண்டார்.

பெற்றோர் காட்டும் அன்பு வேறு, அளவுக்கு மீறிய மதிப்பு வேறு என்பதை இன்றைய ஆய்வுகள் பிரித்துக் காட்டுகின்றன. 2015-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, நெதர்லாந்தில் 7 முதல் 11 வயதுடைய 565 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தது. என் பிள்ளை மற்றப் பிள்ளைகளைவிட உயர்ந்தவன், தனிச்சலுகைக்கு உரியவன் என்று பெற்றோர் எண்ணிய வீடுகளில் தன்மோகம் வளர்ந்தது. அன்பும் அரவணைப்பும் கிடைத்த வீடுகளில் வளர்ந்ததோ தன்மதிப்பு. அன்னா அம்மையார் மகனுக்கு இரண்டையும் சேர்த்தே கொடுத்துவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சிறிது காலமே படித்துப் பட்டம் பெறாமல், 1887-இல் ரைட் சிகாகோ சென்றார். மறு ஆண்டிலேயே லூயி சல்லிவன் என்ற மாமேதையிடம் வேலை கிடைத்தது. வீடு கட்டிக்கொள்ளச் சல்லிவன் கடன் கொடுத்தார். 1889-இல் கேத்தரின் டோபினை மணந்து ஓக் பார்க்கில் ரைட் வீடு கட்டினார். தாயார் பக்கத்து வீட்டில் வந்து குடியமர்ந்தார். ஒப்பந்தத்தை மீறி, அலுவலகத்துக்குத் தெரியாமல் சொந்தமாக வீடுகளுக்கு வரைபடம் போட்டதால் 1893-இல் ஆசான் அவரை வெளியேற்றினார். ஆயினும் வாழ்நாளில் ரைட் ஆசான் என்று மதித்தவர் சல்லிவன் ஒருவரே. 1924-இல் அவர் வறுமையில் மடியும் முன் சென்று உதவியும் செய்தார். இதைச் சொல்லாமல் விட்டால் நாம் நியாயமற்றவர்கள் ஆவோம்.

கட்டடக் கலை இம்மனத்துக்கு எப்படிப் பொருந்தியது? கவிஞனுக்குத் தாள் போதும். கட்டடக் கலைஞனுக்குப் பிறர் நிலமும், பிறர் பணமும், நூறு பேர் உழைப்பும் வேண்டும். ஆனால் எழுந்து நிற்பது அவன் பெயர். ரைட் அவ்வளவோடு நிற்கவில்லை. நாற்காலியையும் விளக்கையும் கம்பளத்தையும் தாமே வரைந்தார். சிலசமயம் வீட்டுத் தலைவிக்கு உடையையும் வரைந்து கொடுத்தார். தாம் அவ்வளவு உயரமில்லாதவர் ஆகையால் தம் உயரத்தையே மனித அளவாகக் கொண்டு கூரையைத் தாழ்த்தினார். உயரமானவர்கள் குனிந்து போகட்டும்! ஆயினும் தரையோடு தரையாகப் படர்ந்த அவருடைய புல்வெளி வீடுகள் உலகக் கட்டடக் கலையின் போக்கையே மாற்றின என்பதில் ஐயமில்லை.

ஓக் பார்க் வீட்டில் ஆறு குழந்தைகள். அவர்களுக்காக 1895-இல் வளைகூரை வேய்ந்த அழகிய விளையாட்டுக்கூடம் கட்டினார். அப்படிப்பட்டவர் 1909-இல், தாம் வீடு கட்டிக்கொடுத்த ஒருவரின் மனைவியான மேமா செனியுடன் ஐரோப்பா சென்றுவிட்டார். மனைவியும் மக்களும் மளிகைக் கடைப் பாக்கியும் பின்தங்கின. அப்பாக்கி சுமார் 900 டாலர் என்பர். திரும்பி வந்தவருக்கு 1911-இல் விஸ்கான்சின் பள்ளத்தாக்கில் நிலம் வாங்கிக் கொடுத்தவர் யார்? தாயார்தான். அங்கு எழுந்தது டாலியசின் என்னும் இல்லம். 1914 ஆகஸ்டு 15-இல் பணியாள் ஒருவன் அதற்குத் தீ வைத்து, மேமாவையும் அவருடைய இரு குழந்தைகளையும் சேர்த்து ஏழு பேரைக் கோடரியால் கொன்றான். சிகாகோவில் இருந்த ரைட் ஓடி வந்து தாமே அவரை அடக்கம் செய்தார். பின் அதே இடத்தில் வீட்டை மீண்டும் எழுப்பினார். அந்த மன உறுதி வேறு யாருக்கு வரும்?

மகன் ஜான் தந்தையிடமே வேலை பார்த்தார். டோக்கியோ இம்பீரியல் ஓட்டல் பணியில், தமக்கு வரவேண்டிய சம்பளப் பாக்கியைக் கிடைத்த தொகையிலிருந்து எடுத்துக்கொண்டதற்காகத் தந்தை தந்தி கொடுத்து மகனை நீக்கினார். 1923-ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் அந்த ஓட்டல் நிலைத்து நின்றபோது புகழ் முழுவதும் ரைட்டுக்கு வந்தது. நிலைத்து நின்ற மற்றக் கட்டடங்களைப் பற்றி அவர் பேசவில்லை. வேலையிழந்த ஜான் பிற்காலத்தில் தந்தையின் வரலாற்றை எழுதினார். அதில் வெறுப்பைத் தேடிப் படிப்பவர்கள் ஏமாந்து போவார்கள்.

வேலையும் பணமும் வற்றிய காலத்தில், 1932-இல், ரைட் மாணவர் குழு ஒன்றை அமைத்தார். ஆண்டுக் கட்டணம் 650 டாலர். மாணவர்கள் சமைத்தார்கள், நிலத்தை உழுதார்கள், கல் உடைத்தார்கள். ஆசானின் வரைபலகை அருகே நிற்பதே பாடம். அங்குப் பயின்ற ஒருவரின் தந்தையான காஃப்மன் என்னும் வணிகருக்குத்தான் 1935-இல் அருவிமேல் வீடு வரையப்பட்டது. தூணில்லாமல் நீரின்மேல் நீளும் கான்கிரீட் மேடைகளைக் கண்டு காஃப்மனின் பொறியாளர்கள் ஐயுற்றார்கள். ரைட் சினந்து, தம் வரைபடங்களைத் திருப்பியனுப்பச் சொன்னார். அவரறியாமல் இரும்புக் கம்பியை இருமடங்காக்கினார்கள். அப்படியும் மேடை ஏறத்தாழ 7 அங்குலம் சரிந்தது. 2002-இல் உள்ளே எஃகு வடங்களைச் செலுத்தி இழுத்து நிறுத்த வேண்டியதாயிற்று. ஐயுற்றவர்களே சரி என்று காலம் காட்டியது. ஆனால் அவர்கள் சொற்படி கேட்டிருந்தால் இன்று உலகம் சென்று காணும் அந்த வீடே இல்லை. இந்த முடிச்சை அவிழ்க்க எனக்கு வழி தெரியவில்லை.

ஒருமுறை நீதிமன்றத்தில், வாழும் கட்டடக் கலைஞர்களுள் தாமே தலைசிறந்தவர் என்று கூறினாராம். பின்னர் நண்பர்கள் கேட்டபோது, சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்ல முடியுமா என்ற பொருளில் விடையளித்தாராம். நியூயார்க்கில் கூகன்ஹைம் கலைக்கூடத்தைச் சுருள் வடிவில் அவர் வரைந்தபோது, சாய்தளத்தில் படங்களை மாட்டுவது எப்படி என்று 1956-இல் 21 ஓவியர்கள் எதிர்ப்புக் கடிதம் எழுதினார்கள். அவர் பொருட்படுத்தவில்லை. 1959 ஏப்ரல் 9-இல் தம் 91-ஆம் வயதில் காலமானார். கலைக்கூடம் அக்டோபரில் திறக்கப்பட்டது.

தாயாரின் குடும்பக் கோயிலான யூனிட்டி சேப்பலின் இடுகாட்டில், அன்னாவும் மேமாவும் துயிலும் இடத்தில், அவரை அடக்கம் செய்தார்கள். கடைசி மனைவி ஓல்கிவன்னா 1985-இல் இறந்தபோது, அவர் விருப்பப்படி ரைட்டின் உடலைத் தோண்டியெடுத்து எரித்து, சாம்பலை அரிசோனா மாநிலத்துக்குக் கொண்டு சென்றார்கள். விஸ்கான்சின் மக்கள் மிகவும் வருந்தினார்கள். பெயர் பொறித்த கல் மட்டும் இன்றும் அங்கேயே இருக்கிறது, தாயாருடன்.