மூளையை அடைக்கும் ரத்தக்கட்டி எங்கிருந்து வருது? துப்பறிந்த டாக்டர் விர்ச்சோவின் கதை

பக்கவாதம் என்றதும், மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் கட்டி அடைச்சிருக்கும் என்று இன்று பலரும் சொல்லிவிடுவார்கள். அந்தக் கட்டி உடம்பின் வேறொரு இடத்தில் உருவாகி, ரத்தத்தோடு பயணம் செய்து வந்திருக்கலாம் என்பதை நிரூபித்தவர் ஒரு ஜெர்மன் டாக்டர். பெயர் ருடால்ஃப் விர்ச்சோவ். அப்போது அவருக்கு வயது இருபதுகளின் நடுவில்தான்.

யார் இவர்?

1821 அக்டோபர் 13-ல், அன்றைய பிரஷ்யாவில் ஷீவல்பைன் என்ற சின்ன ஊரில் பிறந்தார். இன்று அந்த ஊர் போலந்தில் இருக்கிறது. ராணுவ மருத்துவர்களுக்கான பெர்லின் கல்லூரியில் படித்து, 1843-ல் டாக்டர் ஆனார். பிறகு பெர்லின் சாரிட்டே மருத்துவமனையில் வேலை. பிரேதப் பரிசோதனைதான் முக்கியப் பணி.

நாய்கள் சொன்ன உண்மை

ரத்தக்குழாய்ச் சுவரில் ஏற்படும் அழற்சிதான் கட்டிக்கு மூல காரணம் என்று அன்றைய பெரிய டாக்டர்கள் நம்பினார்கள். விர்ச்சோவுக்கு இதில் சந்தேகம். நுரையீரல் குழாய் அடைபட்டு இறந்தவர்களைப் பரிசோதித்தபோது, பலருக்குக் கால் ரத்தக்குழாயிலும் கட்டி இருந்தது. அப்போ அங்கிருந்துதான் வந்திருக்குமோ?

நாய்களின் கழுத்து ரத்தக்குழாயில் ரப்பர் துண்டுகளையும் கட்டிகளையும் செலுத்திப் பார்த்தார். அவை நேராக நுரையீரலில் போய்ச் சிக்கின. ரத்தம் உறைந்து கட்டியாவதற்கு ‘த்ரோம்போசிஸ்’, அது பிய்ந்து போய் வேறிடத்தில் அடைப்பதற்கு ‘எம்போலிசம்’ என்று பெயர் வைத்தார். இதயத்திலிருந்து கிளம்பும் கட்டி மூளைக்குழாயை அடைக்கலாம் என்பதும் இதே வழியில் புரிந்தது.

வேலை போச்சு!

1848-ல் மேல் சிலேசியாவில் டைபஸ் காய்ச்சல் பரவியது. விசாரிக்கப் போன விர்ச்சோவ், நோய்க்குக் காரணம் வறுமையும் அரசின் அலட்சியமும்தான் என்று அறிக்கை கொடுத்தார். அதே ஆண்டு பெர்லின் புரட்சியிலும் இறங்கினார். அரசு சும்மா விடுமா? 1849-ல் பெர்லினை விட்டு வூர்ட்ஸ்பர்க் போக வேண்டியதாயிற்று. 1856-ல்தான் பேராசிரியராகத் திரும்பினார்.

‘பசை’ என்று நினைத்தது

அந்த இடைவெளியிலும் மூளையை விடவில்லை. மூளை ரத்தக்குழாய்களைச் சுற்றி மெல்லிய இடைவெளி இருப்பதை 1851-ல் விவரித்தார். இன்று அதற்கு ‘விர்ச்சோவ்-ரொபான் இடைவெளி’ என்று பெயர். நரம்பு செல்களுக்கு நடுவே இருப்பதை வெறும் பசை என்று நினைத்து ‘கிளியா’ என்றார். ஆனால் அது பசை மட்டும் இல்லை. மூளையின் காவலாளிகளான ‘மைக்ரோகிளியா’ செல்கள் அங்கே இருப்பது 1919-ல் தெரியவந்தது.

பக்கவாதம் வந்ததும் முதலில் விழித்துக்கொள்வது இந்தக் காவலாளிகள்தான். இவை ரசாயன சிக்னல் அனுப்ப, ரத்தக்குழாயின் உட்சுவர் பிசுபிசுப்பாகி, வெள்ளை அணுக்கள் வந்து ஒட்டுகின்றன. பெரிய குழாயில் இருந்த கட்டியை எடுத்த பிறகும், நுண்குழாய்களில் இவை அடைத்துக்கொண்டு நிற்கலாம். குழாய்ச் சுவர் கசிந்து மூளை வீங்குகிறது. கட்டி வேறு, அழற்சி வேறு என்று விர்ச்சோவ் பிரித்துக் காட்டினார். இரண்டும் ஒன்றையொன்று தூண்டிவிடும் என்கிறது இன்றைய அறிவியல்.

அப்போ அழற்சியை அடக்கிட்டா போதுமா?

அவ்வளவு சுலபம் இல்லை. வெள்ளை அணுக்கள் ஒட்டாமல் தடுக்கும் ‘என்லிமோமாப்’ மருந்தைப் பக்கவாத நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2001-ல் முடிவு வெளியானது: மருந்து எடுத்தவர்களின் நிலை இன்னும் மோசமாகியிருந்தது. அழற்சிக்கு நல்ல முகமும் உண்டு. நாள்கள் போகப் போக, இறந்த செல்களைச் சுத்தம் செய்வதும், புதிய ரத்தக்குழாய் வளர உதவுவதும் இதே காவலாளிகள்தான். எப்போது அடக்குவது, எப்போது விட்டுவிடுவது என்பதுதான் ஆராய்ச்சியாளர்கள் இன்றும் தேடும் விடை.

1858-ல் வந்த செல் நோயியல் நூல் அவரை உலகப் புகழ் ஆக்கியது. பெர்லினுக்குக் கழிவுநீர்க் குழாய்கள் வரவும் போராடினார். 1902 ஜனவரியில் டிராமிலிருந்து இறங்கும்போது விழுந்து தொடை எலும்பு உடைந்தது. அதிலிருந்து மீளாமல் செப்டம்பர் 5-ல், 80 வயதில் இறந்தார். இன்றும் ஸ்கேன் பார்க்கும் டாக்டர்கள் மூளையின் அந்த மெல்லிய இடைவெளியை அவர் பெயரில்தான் அழைக்கிறார்கள்.