சம்பளத்தைப் பள்ளிக்கூடமாக்கிய திவான்

பெங்களூர் சென்ட்ரல் கல்லூரிக்குப் படிக்க வந்தபோது விசுவேசுவரய்யாவின் கையில் காசு கிடையாது. சிக்கபள்ளாப்பூர் பக்கத்தில் உள்ள முத்தனஹள்ளிதான் அவர் ஊர். 1861-ல் பிறந்தவர். தந்தை சீனிவாச சாஸ்திரி வடமொழிப் பண்டிதர். மகன் சிறுவனாக இருந்தபோதே காலமாகிவிட்டார். பெங்களூரில் இருந்த தாய்மாமன்தான் ஆதரவு. குடகைச் சேர்ந்த ஓர் அதிகாரியின் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக் கொடுத்து, அந்த வருமானத்தில் படித்தார். 1881-ல் பி.ஏ. தேறினார்.

அந்தக் காலத்து பி.ஏ. பெரிய படிப்புதான். ஆனால், அதைப் படித்தவர்களில் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்த இடம் கச்சேரியும் பள்ளிக்கூடமும்தான். விசுவேசுவரய்யாவுக்கு வேறு வழி திறந்தது. மைசூர் அரசின் உதவித்தொகை கிடைத்தது. பூனா சென்று பொறியியல் படித்தார். 1883-ல் முதல் மாணவராகத் தேறினார். மறு ஆண்டே பம்பாய் மராமத்து இலாகாவில் உதவி என்ஜினீயர் வேலை. கைத்தொழிலோடு சேர்ந்த படிப்பு சோறு போடும் என்பதை அவர் தம் வாழ்க்கையிலேயே கண்டார்.

ஜப்பான் பயணம்

1898-ல் ஜப்பான் சென்றார். முப்பது ஆண்டுகளுக்கு முன்புவரை பழைய உலகத்தில் கிடந்த நாடு அது. அங்கே ஆலைகளும் தொழிற்பள்ளிகளும் பெருகியிருந்ததைப் பார்த்தார். எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளி, கருவியைக் கையாளத் தெரிந்த மாணவன் - இந்த இரண்டும் நம் நாட்டில் இல்லையே என்ற எண்ணம் அப்போது அவர் மனதில் விழுந்தது. கடைசி வரை அது போகவில்லை.

1909-ல் மைசூரின் தலைமை என்ஜினீயர். கண்ணம்பாடி அணை வேலையை முன்னின்று நடத்தினார். (அந்த அணையைப் பற்றித் தமிழர்களிடம் தனிக் கணக்கு உண்டு, அது இங்கே வேண்டாம்.) 1912-ல் திவான் ஆனார்.

1913-ல் கட்டாயத் தொடக்கக் கல்விக்குச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் ஹெப்பாளில் விவசாயப் பள்ளி, மைசூரில் சாமராஜேந்திர தொழில்நுட்பக் கழகம். 1916-ல் மைசூர் பல்கலைக்கழகம். 1917-ல் பெங்களூரில் பொறியியல் கல்லூரி; இன்று கே.ஆர். சர்க்கிளில் அவர் பெயர் தாங்கி நிற்பது அதுதான். அவர் திவானாக இருந்த ஆறு ஆண்டுகளில் பள்ளி மாணவர் தொகை இரண்டு மடங்குக்கு மேல் ஆனது.

ஆனாலும் அவர் நினைத்தபடி எல்லாம் நடக்கவில்லை. பட்டம் பெருகிய அளவுக்குப் பட்டறை பெருகவில்லை. படித்தவர்கள் மறுபடியும் சர்க்கார் உத்தியோகத்தையே நாடினார்கள். அந்த உத்தியோகம் யாருக்கு என்ற கேள்வியும் எழுந்தது. பிராமணர் அல்லாதாருக்கு இடம் ஒதுக்க மகாராஜா முனைந்தார். தகுதி ஒன்றே போதும் என்றார் திவான். 1918-ல் பதவியை விட்டு விலகினார். இந்த விஷயத்தில் மகாராஜா பக்கமே நியாயம் இருந்தது. வாசலே திறக்காத வீட்டுப் பிள்ளை தகுதியை எங்கே போய்ச் சம்பாதிப்பான்?

பத்ராவதி பணம்

1923 முதல் 1929 வரை நஷ்டத்தில் தள்ளாடிய பத்ராவதி இரும்பு ஆலைக்குத் தலைவராக இருந்து அதைத் தூக்கி நிறுத்தினார். அந்த உழைப்புக்காக மைசூர் அரசு கொடுக்க முன்வந்த தொகையை அவர் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. இளைஞர்கள் தொழில் கற்க பெங்களூரில் ஒரு கூடம் தொடங்கச் சொன்னார். அவர் பெயரையே வைக்கலாம் என்றார்கள். மறுத்துவிட்டார். மகாராஜா பெயரில் ஸ்ரீ ஜெயசாமராஜேந்திர தொழிற்கல்விக் கூடம் 1943-ல் பிறந்தது. இப்போது எஸ்.ஜே. பாலிடெக்னிக் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். அப்போது அவருக்கு வயது 82.

காலமும் ஒத்து வந்தது. யுத்த நேரம். 1940-ல் தொடங்கிய விமானத் தொழிற்சாலைக்கு, லேத்தில் நிற்கவும் அளவுகோல் பார்க்கவும் தெரிந்த ஆட்கள் வேண்டியிருந்தது. பின்னால் 1948-ல் ஐ.டி.ஐ. டெலிபோன் ஆலை, 1953-ல் எச்.எம்.டி., 1954-ல் பி.இ.எல். என்று வரிசையாக வந்தன. வடாற்காடு, தர்மபுரி, தங்கவயல் பக்கங்களில் இருந்து பெட்டியோடு வந்த நம்மவர்களில் ஃபிட்டர், டர்னர் வேலை கற்றிருந்தவனுக்கு கேட் திறந்தது. எஸ்.எஸ்.எல்.சி. மட்டும் வைத்திருந்தவன் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டுத் தபால்காரனுக்குக் காத்திருந்தான்.

அந்தக் கூடத்தில் சினிமா கேமராகூடச் சொல்லிக் கொடுத்தார்கள். நாற்பதுகளில் அங்கே படித்த வி.கே. மூர்த்தி பம்பாய் போய், குரு தத் படங்களின் ஒளிப்பதிவாளராகப் புகழ் பெற்றார். 2008-ம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருதும் அவரைத் தேடி வந்தது.

1955-ல் பாரத ரத்னா பெற்ற விசுவேசுவரய்யா, 1962 ஏப்ரல் 14-ல் பெங்களூரில் காலமானார். உடலை முத்தனஹள்ளிக்கே கொண்டுபோய்த் தகனம் செய்தார்கள். அதே 1962-ல் அந்தக் கூடத்தில் கேமரா படிப்பை முடித்து வெளியேறிய மாணவர்களில் ஒருவர், பிற்காலத்தில் படங்களை இயக்கிப் பேர் வாங்கிய கோவிந்த் நிஹலானி. அவர் நேரே போய் உதவியாளராகச் சேர்ந்தது அந்த மூர்த்தியிடம்தான்.