ஜார்ஜ் போர்ட்டர்

கண்ணிமைப்பையும் கைந்நொடிப்பையும் காலத்தின் சிற்றளவாகக் கொண்டனர் நம் இலக்கண நூலார். ஆயின், மூலக்கூறுகள் பிணைவதும் பிரிவதும் இமைப்பொழுதினும் மிகக் குறுகிய காலத்தில் நிகழ்ந்து முடிவன. அந்நிகழ்ச்சிகளைக் காண வழி வகுத்தவருள் ஒருவர் ஜார்ஜ் போர்ட்டர் என்னும் வேதியியல் அறிஞர்.

இங்கிலாந்து நாட்டில் யார்க்ஷயர்ப் பகுதியிலுள்ள ஸ்டெயின்போர்த் என்னும் ஊரில், 1920ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 6ஆம் நாள் போர்ட்டர் பிறந்தார். இளமையிலேயே அவருக்கு வேதியியலில் ஆர்வம் மிகுந்திருந்தது. அதனை உணர்ந்த தந்தையார், பழைய பேருந்து ஒன்றை வாங்கி மைந்தனுக்கு ஆய்வுக்கூடமாக அளித்தார். பின்னர் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்ற போர்ட்டர், வானொலி இயலும் மின்னணுவியலும் உடன் கற்றார்.

இரண்டாம் உலகப்போர் நிகழ்ந்த காலம் அது. அவர் கடற்படையில் சேர்ந்து ராடார் அதிகாரியாகப் பணிபுரிந்தார். ராடார், மிகச் சிறிது நேரமே நீடிக்கும் அலைத்துடிப்புகளை அனுப்பி, அவை மோதி மீளும் காலத்தைக்கொண்டு தொலைவை அளப்பது. போரில் பெற்ற இப்பயிற்சி பின்னர் அறிவுப் பணிக்கு உதவிற்று.

1945இல் போர்ட்டர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தை அடைந்து, நாரிஷ் என்னும் பேராசிரியரிடம் ஆராய்ச்சி தொடங்கினார். ஒளி பட்டவுடன் சில மூலக்கூறுகளின் பிணைப்பு அறும். அறுந்த துண்டுகள் தனித்து நில்லா. உடனே வேறொன்றோடு கூடிவிடும். தோன்றிய கணத்தே மறையும் அவற்றை ஆராய்வது எங்ஙனம்? துண்டுகளின் வாழ்நாளினும் குறுகிய ஒளித்துடிப்பே இதற்கு ஏற்றது எனப் போர்ட்டர் தெளிந்தார். 1947இல் அதற்குரிய கருவியை அமைக்கத் தொடங்கினார். மின்தேக்கிகளில் சேர்த்த ஆற்றலை ஒருங்கே விளக்கில் பாய்ச்ச, மின்னல்போல் எழுந்த ஒளி மூலக்கூறுகளைப் பிளந்தது. சற்றே பின்னர் எழுந்த இரண்டாம் ஒளி, துண்டுகளின் நிறமாலையைப் பதிவு செய்ய உதவியது. இரண்டிற்கும் இடைப்பட்ட நேரத்தை மாற்றி மாற்றி, வினை நிகழும் முறையைப் படிப்படியாகக் கண்டனர்.

1955இல் ஷெபீல்டு பல்கலைக்கழகப் பேராசிரியரான போர்ட்டர், 1966இல் பாரடே பணியாற்றிய லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனின் இயக்குநரானார். மறு ஆண்டில் நாரிஷ், ஐகன் ஆகியோருடன் நோபல் பரிசு பெற்றார். பரிசு பெற்றபின்னும் அவர் ஓய்ந்திலர். லேசர் ஒளியைத் துணைக்கொண்டு, நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் தொடங்கிய அளவை இலட்சம் கோடியில் ஒரு பங்குவரை குறுக்கினார். இலைகள் கதிரவன் ஒளியை ஏற்கும் வினையின் தொடக்கத்தையும் ஆராய்ந்தார். சிறுவர்க்கும் விளங்குமாறு அறிவியற் சொற்பொழிவுகள் ஆற்றினார். 2002ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள் மறைந்தார்.

அவர் கண்ட வழி அவர் காலத்திலேயே மேலும் நீண்டது. அவர் எட்டிய அளவை ஆயிரங் கூறிட்டால் வருவது பெம்டோநொடி. அவ்வளவில் மூலக்கூறுகளின் வினையை ஆராய்ந்த அகமத் ஜெவைல் 1999இல் நோபல் பரிசு பெற்றார். அதற்கு முந்திய ஆண்டில், ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகர ஆய்வாளர், பெம்டோநொடி ஒளித்துடிப்பின் வடிவைக் கணிப்பொறியால் திருத்தித் திருத்தி, ஒரு மூலக்கூறில் எப்பிணைப்பு மிகுதியாக அறவேண்டும் என்பதனை ஓரளவு தாமே வரையறுத்தனர். கண்டறியாத ஒன்றை ஆளுதல் இயலாது. கணத்தில் மறைவதைக் காணும் கண்ணை முதலில் அளித்தவருள் ஒருவராகப் போர்ட்டர் என்றும் போற்றப்படுவார்.